லேமினேட் தரைக்கு வெள்ளிக்கிழமை வாளித் தண்ணி வேண்டாம்

முலுண்டில் புது ஃபிளாட், ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் மரம் மாதிரி தெரியற லேமினேட் பலகைத் தரை போட்டாச்சு, இனி எப்படிப் பார்த்துக்கணும்னு கேட்ட தங்கச்சிக்கும், ஊர்லருந்து புதுசா மும்பை வந்திருக்கிற மத்தவங்களுக்கும் சேர்த்து எழுதுறேன்.

நாம மொசைக்லயும் டைல்ஸ்லயும் வளர்ந்தவங்க. வெள்ளிக்கிழமைன்னா தண்ணி ஊத்தித் தேய்ச்சு விட்டாத்தான் மனசுக்கு நிறைவு. செம்பூர் வந்த முதல் வருஷம் எங்க வீட்டு லேமினேட்லயும் நான் அப்படித்தான் செஞ்சேன். ஒரே மாசத்துல பலகைக்கும் பலகைக்கும் நடுவுல வரப்பு மாதிரி மேடு கட்டிடுச்சு. வெறுங்கால்ல நடந்தா விரல் தட்டும். காய்ஞ்ச பிறகும் இறங்கவே இல்லை.

மேல தெரியற மரக்கோடு வெறும் அச்சுக் காகிதம், அதுக்கு மேல மெலமைன் பூச்சு. அடியில இருக்கறது மரநாரை அழுத்திச் செஞ்ச எச்.டி.எஃப் பலகை. பூச்சு வழியா தண்ணி இறங்காது, இணைப்பு வழியா இறங்கும். நார் உப்பினா உப்பினதுதான். இழைச்சு சமமாக்கவும் முடியாது, அச்சே போயிடும். மெழுகு, பாலிஷும் வேண்டாம், திட்டுத்திட்டா படிஞ்சு வழுக்கும். நீராவி மாப் கூடவே கூடாது.

தினமும் கூட்டினாலே பாதி வேலை முடிஞ்சது. துடைக்கறப்போ துணியை ஒட்டப் பிழியணும். வேலைக்கு வர்ற மாவ்ஷிகிட்ட முதல் நாளே "போச்சா அச்சே ஸே நிச்சோட்கே லகானா"ன்னு (துணியை நல்லாப் பிழிஞ்சு துடைங்கன்னு) சொல்லிடுங்க, ஒரு தடவை நீங்களே பிழிஞ்சும் காட்டுங்க. துடைச்ச ஈரம் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல மறையணும். அதுக்கு மேல நின்னா துணியில தண்ணி அதிகம்.

பூஜை மூலையைப் பத்தி எல்லாரும் கேப்பாங்க. பச்சரிசி மாவால உலர்கோலம் தாராளமா போடலாம். மாக்கோலம் போடணும்னா ஒரு மணைப்பலகையில போடுங்க. விளக்கை தாம்பாளத்துல வைங்க. எண்ணெய் சிந்தினா உடனே ஒத்தி எடுத்தா கறை பிடிக்காது.

சுவரோரம் அடிக்கற பட்டைக்கு, அதாவது ஸ்கர்ட்டிங்குக்கு அடியில 8, 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பாங்க. பலகையைக் கீழ ஒட்டறதில்லை, சும்மா மேல படுத்திருக்கு, ஈரக்காத்துல விரியும், அதுக்கான இடம் அது. எறும்பு வருதுன்னு சிமென்ட் வச்சு அடைச்சுடாதீங்க, அடைச்சா நடுவுல தூக்கிக்கும். ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் சாரல் அடிக்கற ஜன்னலைச் சாத்தி வைங்க, சொட்டற குடையை வாசல்லயே விரிச்சுடுங்க. வாசல்ல ஒரு மிதியடி அவசியம், செருப்பு மணல்தான் பூச்சைக் கீறும். நாற்காலிக் காலுக்கெல்லாம் ஃபெல்ட் ஒட்டிடுங்க.

மிச்சமான பலகையை ஆளுங்க எடுத்துட்டுப் போக விடாதீங்க. அடுத்த வருஷம் அதே நிறம் கிடைக்கறது கஷ்டம். படுக்க வச்சு பரண்ல போட்டு வைங்க.