சரிவான மாந்தோப்புக்கு ஸ்போர்ட் குவாட் பொருந்துமா, யூட்டிலிட்டி ஏ.டி.வி.தான் வேண்டுமா?

கேள்வி: போச்சம்பள்ளித் தோப்பு

போச்சம்பள்ளிக்கு அருகே குன்றின் அடிவாரத்தில் எங்களுக்குப் பெங்களூரா மாந்தோப்பு உள்ளது. அதன் மேற்பாதி கல்லும் சரிவுமாக இருப்பதால் டிராக்டர் அங்கே ஏறுவதில்லை. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கவும், அறுவடையின்போது காய்களைக் கீழே இறக்கவும் ஏ.டி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி, குவாட் என்பதும் இதுவே) ஒன்று வாங்க எண்ணியுள்ளோம். பெங்களூரில் பழைய யமஹா ராப்டர் 700 என்ற ஸ்போர்ட் குவாட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 700 சி.சி. எஞ்சின் சுமை இழுக்காமலா போய்விடும் என்று கேட்கிறான், கல்லூரியில் படிக்கும் என் மகன். வேக ஓட்டத்துக்கு ஸ்போர்ட், வேலைக்கு யூட்டிலிட்டி என்று பிரிப்பது வெறும் விற்பனைப் பேச்சா, வண்டியின் அமைப்பிலேயே வேறுபாடு உண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: ஓசூர் பட்டறை

ஐயா, உங்கள் மகனின் கேள்விக்கு யமஹாவே விடை வைத்திருக்கிறது. ராப்டர் 700இல் இருப்பது 686 சி.சி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின். அதே நிறுவனத்தின் யூட்டிலிட்டி வண்டியான கிரிஸ்லி 700இலும் 686 சி.சி. ஒற்றை சிலிண்டர்தான். ஆகவே வேறுபாட்டை சி.சி.யில் தேடிப் பயனில்லை; எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில்தான் தேட வேண்டும்.

ராப்டரில் கையால் பிடிக்கும் கிளட்ச், காலால் மாற்றும் ஐந்து கியர், பின்சக்கரங்களுக்கு மட்டும் செயின். கிரிஸ்லியில் பெல்ட்டில் இயங்கும் தானியங்கி கியர், அதனுடன் சுமைக்கென்றே தாழ்ந்த கியர் ஒன்று, நான்கு சக்கரங்களுக்கும் ஷாஃப்ட் வழியாக இழுவை. மருந்து அடிக்கும்போது மரத்துக்கு மரம் ஆள் நடக்கும் வேகத்தில்தான் வண்டி நகர வேண்டும். அந்த வேகத்தில் ராப்டரின் முதல் கியரே அதிகம் என்பதால் நாள் முழுவதும் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட நேரும். கிளட்ச் தகடுகள் அதைத் தாங்கா.

அடுத்தது தரை இடைவெளி; உங்கள் தோப்பைப் பொறுத்தவரை இதுவே முக்கியம் என்பேன். ராப்டரின் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைக்கிறது. செயின் பல்சக்கரமும் பிரேக் தட்டும் அந்த ஆக்சிலிலேயே தொங்குகின்றன. அவற்றுக்கும் தரைக்கும் இடையே 4 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளிதான் இருக்கும். பந்தயத் தடத்திலும் மணலிலும் அது குறையே அன்று. வண்டி தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பதால்தான் வேகமாகத் திருப்பும்போது கவிழாமல் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. உங்கள் சரிவில் கிடக்கும் கல்லிலோ வெட்டிவிட்ட அடிமரத்திலோ முதலில் மோதுவது அந்தப் பல்சக்கரமாகத்தான் இருக்கும். கிரிஸ்லியில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். வயிற்றுக்கு அடியில் ஏறத்தாழ 11 அங்குல இடைவெளி உண்டு.

டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இருப்பது யூட்டிலிட்டி, இல்லாதது ஸ்போர்ட் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று, பின்சக்கரங்கள் இரண்டும் எப்போதும் சேர்ந்தே சுழலும் யூட்டிலிட்டி வண்டிகள் பல உள்ளன.

பதில் 2: அரூர் விவசாயி

பட்டறை அண்ணன் சொன்னவற்றுடன் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் யூட்டிலிட்டி என்றவுடன் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நினைத்துவிடக் கூடாது. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570ஐ எடுத்துக்கொண்டால், முன் கேரியரில் ஏறத்தாழ 40 கிலோவும் பின் கேரியரில் 80 கிலோவும்தான் அனுமதிக்கப்பட்ட சுமை. 100 லிட்டர் தொட்டியைப் பின்னால் வைத்து நிரப்பினால் தண்ணீரின் எடையே அந்த வரம்பைத் தாண்டிவிடும். அதோடு மேடு ஏறினால் முன்பக்கம் தூக்கும். பாதி காலியான தொட்டியோ இன்னும் மோசம், உள்ளே தண்ணீர் அலைந்து திருப்பத்தில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஆகவே 50 அல்லது 60 லிட்டர் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்களை இழுவைப் பெட்டியில் ஏற்றுவதே முறை. அதையும் தாழ்ந்த கியரில்தான் இழுக்க வேண்டும், மேல் கியரில் மெதுவாக இழுத்தால் பெல்ட் சூடேறி வழுவழுப்பாகி நழுவத் தொடங்கிவிடும்.

இருக்கை நீளமாக இருப்பதைப் பார்த்து நம் ஊரில் இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிவிடுவார்கள். மேட்டில் முன்னும் பள்ளத்தில் பின்னும் ஓட்டுபவர் நகர்ந்து உட்காருவதற்காகவே அந்த நீளம். ஸ்போர்ட் ஆனாலும் யூட்டிலிட்டி ஆனாலும், இருவருக்கென்றே செய்த மாடல்களைத் தவிர மற்றவை ஒருவருக்கானவை.

பதில் 3: கிருஷ்ணகிரி வாசகர்

தோப்பின் இரு பகுதிகளுக்கும் நடுவே ஊராட்சிச் சாலை செல்கிறதா என்பதையும் பாருங்கள். பதிவெண் இல்லாத ஏ.டி.வி.யைச் சொந்த நிலத்தில் ஓட்டலாமே தவிர, பொதுச்சாலையைக் குறுக்கே கடப்பதற்குக்கூட இறக்கக் கூடாது. டிராக்டர் வகையில் பதிவு செய்யத்தக்க ஸ்போர்ட்ஸ்மேன் 570 ஒன்றைப் போலாரிஸ் இந்தியாவில் விற்றது. பழைய வண்டியாக அது கிடைத்தால் பதிவுச் சான்றை வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வியாளர்: போச்சம்பள்ளித் தோப்பு

அனைவருக்கும் நன்றி. சாலை நடுவே செல்கிறது. அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ராப்டரை விட்டுவிடுகிறோம். மகனுக்குச் சற்று வருத்தம்தான். பழைய யூட்டிலிட்டி வண்டியை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 4: ஓசூர் பட்டறை

நான்கு சக்கரங்களின் உட்புறமும் குனிந்து, ஆக்சில் மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகளைப் பாருங்கள். கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் மண் உள்ளே புகுந்திருக்கும், மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும். பெல்ட் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கருகிய வாடையோ பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருப்பதோ தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். நான்கு சக்கர இழுவையைச் சிமெண்ட் தரையில் சோதித்தால் எதுவும் புலப்படாது. மண்மேட்டில் ஏற்றி, முன்சக்கரங்கள் தாமாக இழுக்கின்றனவா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.