பிரின்ஸ்டன் சுவரில் அந்தப் பூங்கொடியைப் படரவிட்டது யார்?

கொல்லைப்புறம்:
மகள் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், மே மாதம் போய் அவளோடு பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். ஒரு பழைய கல் கட்டடத்தில் விஸ்டீரியா என்ற பூங்கொடி ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது, ஆனால் ஒரு ஜன்னலைக்கூட மறைக்கவில்லை. வீட்டில் ஒரே ஒரு மல்லிகைப் பந்தலை அடக்க முடியாமல் திண்டாடுகிறவன் நான். இது தோட்டக்காரர் கைவண்ணமா, இல்லை யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டதா?

கவாத்துக்கத்தரி:
திட்டம் போட்டதுதான். பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்ற அம்மாள். 1912-ல் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கிராஜுவேட் காலேஜுக்காக வந்தவர், 1943 வரை பல்கலைக்கழகத்தின் ஆலோசகராகவே இருந்துவிட்டார். ஜன்னல் மறையாததற்குக் காரணம் அவருடைய பிடிவாதம்: செடி கட்டடத்தை எடுத்துக்காட்ட வேண்டும், மூடக் கூடாது. கிளைகளைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, முன்னால் நீட்டுவதை வெட்டிக்கொண்டே வந்தால் செடி தட்டையாக வளரும், பாதைக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் மண் இருந்தாலே போதும். எனக்கு இதைவிடப் பிடித்தது, அவர் பூக்கும் காலத்தைப் பார்த்துச் செடி தேர்ந்தெடுத்தது. கோடையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அப்போது பூத்து யாருக்கு லாபம்? அதனால் வசந்தத்தில் பூப்பது, இலையுதிர் காலத்தில் நிறம் மாறுவது, குளிரிலும் பச்சையாக நிற்பது என்று பார்த்து வைத்தார். நீங்கள் மே மாதம் போனது நல்லதாயிற்று.

மண்புழு:
யேல் பல்கலைக்கழகத்திலும் (1923 முதல்), சிகாகோ பல்கலைக்கழகத்திலும் (1929 முதல்) அவர் வேலை செய்திருக்கிறார். யேலில் விடுதிக் கட்டடங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே அகழி மாதிரி தாழ்ந்த பள்ளம் இருக்கும், தண்ணீர் கிடையாது. அதையும் விடாமல் செடியும் பூமரமுமாக நிரப்பினார். தெருவில் போகிறவருக்குப் பூ, உள்ளே இருக்கிறவருக்கு மறைப்பு. வெளியே செடி வாங்கிக் கட்டுப்படியாகாது என்று வளாகத்திலேயே நர்சரி போட்டதும் அவர்தான். அந்த ஊர் மண்ணிலேயே வளர்ந்த கன்று என்பதால் பிடுங்கி நட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

கவாத்துக்கத்தரி:
ஆமாம், நர்சரியை மறந்துவிட்டேன். இன்னொன்று, 1899-ல் அமெரிக்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்கள் (தோட்டம், திறந்தவெளி வடிவமைப்பவர்கள்) சங்கத்தைத் தொடங்கிய பதினொரு பேரில் இவர் ஒருவர்தான் பெண். ஆனால் அவர் தன்னை 'லேண்ட்ஸ்கேப் கார்டனர்' என்றுதான் சொல்லிக்கொள்வார். பட்டம் எதுவும் கிடையாது. பாஸ்டனில் ஆர்னால்ட் ஆர்போரேட்டம் என்ற மரத் தோட்டத்தை நடத்திய சார்ல்ஸ் சார்ஜென்டிடம் மரத்தோடு மரமாக நின்று கற்றுக்கொண்டதுதான்.

வேப்பங்கொழுந்து:
எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள், எனக்கு இதில் ஒரு எரிச்சல் உண்டு. ஒரு பெண் முப்பது வருஷம் மரம் வைத்த இடம், ஆனால் பிரின்ஸ்டனும் யேலும் இளங்கலையில் பெண்களைச் சேர்த்தது 1969-ல்! ஃபாரண்ட் 1959-லேயே போய்விட்டார். பிரின்ஸ்டனில் அவருக்குப் 'புதர்க்காரி' என்று ஒரு பட்டப்பெயர் வேறு. அப்புறம், மெயின் மாநிலத்தில் இருந்த தன் சொந்தத் தோட்டத்தை, தனக்குப் பின்னால் பராமரிக்க ஆள் இருக்காது என்று 1955-ல் அவரே கலைத்துவிட்டார். அங்கிருந்த அசேலியா பூச்செடிகள் பக்கத்து ஊர்த் தோட்டத்துக்குப் போயின.

கொல்லைப்புறம்:
இதை மகளிடம் படித்துக் காட்டினேன். சேப்பல் பக்கம் அவர் நினைவாக ஒரு பெஞ்ச் இருக்கிறதாம், 'தினமும் அதில் பையை வைத்துவிட்டுத்தான் ஷூ லேஸ் கட்டுவேன்' என்கிறாள். சரி, கத்தரி சார், மல்லிகையைச் சுவரோடு கட்டக் கம்பி நல்லதா, சணல் கயிறு நல்லதா?