பரம்பரைச் சாவி ரயிலை மறுபடி ஓடவைத்தல்: நீலகிரி அனுபவங்கள்

குன்னூர்:
சாவி கொடுத்து ஓட்டும் பழைய பொம்மை ரயிலைப் பரணிலிருந்து இறக்கியதும் எல்லாரும் செய்கிற காரியம் சாவியைத் திருகிப் பார்ப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள். பழைய எண்ணெய் பிசினாகிப் பல்சக்கரங்களைப் பிடித்துவைத்திருக்கும். அந்த நிலையில் முறுக்கு ஏற்றினால் பல் உடையும், அல்லது ஸ்பிரிங்கின் உள்முனை அறும்.

முறுக்கு ஏற்கெனவே ஏறியிருந்தால் முதலில் இறக்க வேண்டும். ஹார்ன்பி (பிரிட்டிஷ் பொம்மை ரயில் பிராண்டு) என்ஜினில் ஓட்டுநர் அறைப் பக்கம் பிரேக் நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அந்தரத்தில் பிடித்து அதை விடுவித்தால் தானே இறங்கும். இறங்கவில்லையா? சாவியை இறுகப் பிடித்தபடி ராட்செட்டை (ஒரே பக்கம் மட்டும் திரும்பும் பல்சக்கரம்) தடுக்கும் நாக்கை ஊசியால் தூக்கி, அரை அரைச் சுற்றாக விடுங்கள். தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

மேல்கூட்டைப் பிடித்திருக்கும் தகரக் காதுகளை ஒரே தடவைதான் நிமிர்த்தலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடிந்துவிடும். இயந்திரப் பகுதியை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, டூத்பிரஷால் தேய்த்து, அச்சுத் துளைகளைப் பல்குச்சியால் குடையுங்கள். மண்ணெண்ணெய் பிசுக்கு விடும் என்பதால், கடைசியாக லைட்டர் பெட்ரோலில் திறந்தவெளியில் அலசிக் காயவிடவும். காய்ந்தபின் ஒவ்வொரு அச்சுக்கும் ஊசிமுனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே மெல்லிய கிரீஸ். வேகத்தை மட்டுப்படுத்தும் பாகம் உள்ள மாடல் என்றால் அது உராயும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது. பட்டால் வண்டி கண்மண் தெரியாமல் ஓடும்.

ஊட்டி:
மேலே சொன்னதில் எண்ணெய் விஷயத்தை அடிக்கோடிட வேண்டும். நம் ஊருக்கு வரும் பொம்மை ரயில்களில் பாதிக்குத் தேங்காய் எண்ணெய்தான் போட்டிருக்கிறார்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டியில் பகலிலேயே அந்த வெப்பம் வருவது அபூர்வம். போதாக்குறைக்கு, சிக்கடித்த எண்ணெயின் அமிலம் பித்தளைப் பல்சக்கரத்தில் பச்சைக் களிம்பாகப் படியும். பச்சையைப் பார்த்தால் துரு என்று உப்புத்தாள் போடாதீர்கள், மண்ணெண்ணெயும் பிரஷுமே போதும்.

கோத்தகிரி:
வீட்டில் நீலகிரித் தைலம் இருக்கிறதே என்று அதை வைத்துத் துடைப்பவர்களுக்கு: பழைய ஸ்டிக்கர் பசையை வெறும் உலோகத்திலிருந்து எடுக்க அதைப்போல வேறில்லை. பெயின்ட்மேல் மட்டும் வேண்டாம், இளக்கிவிடும். தகரத்தில் அச்சிட்ட வண்ணத்துக்குத் தின்னரும் ஸ்பிரிட்டும் எமன். அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

வெலிங்டன்:
எல்லாம் சுத்தமாகியும் சக்கரம் சுற்றவில்லை என்றால் சக்கரத்தையே பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளின் வார்ப்புத் துத்தநாகச் சக்கரங்களில் ஈயக் கலப்படம் இருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்துப் பருக்கும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு வீங்கிச் சட்டத்தோடு உரசல், கடைசியில் பொடி. ஈரம் இதை வேகப்படுத்தும், நம் மூடுபனி தாராளமாகவே தருகிறது. இதற்கு மருந்து கிடையாது. பசை போட்டு ஒட்டுவது வீண்வேலை, புதிதாக வார்த்த மாற்றுச் சக்கரம்தான் போடவேண்டும். அச்சிலிருந்து கழற்றும்போது சுத்தியல் வேண்டாம். நொறுங்கிய துண்டு சட்டத்தைக் கோணலாக்கும். இழுத்து எடுக்கும் புல்லர் வைத்து எடுங்கள்.

குன்னூர்:
ஸ்பிரிங் உள்முனையில் அறுந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். கடைசி 2 சென்டிமீட்டரை மட்டும் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிட்டால் அந்த இடம் இளகும். பிறகு துளைபோட்டு மறுபடி கொக்கியில் மாட்டலாம். தண்ணீரில் முக்கினால் கண்ணாடி போல ஒடியும். அதற்கு மேல் நீளமாகக் காய்ச்சினால் விசையே போய்விடும். நடுவில் அறுந்தால் புதுசுதான்.

லவ்டேல்:
மின்சார ரயில் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோ (சிறிய அளவு வகை) 12 வோல்ட் டிசி. மூன்று தண்டவாள ஓ கேஜ் (பெரிய அளவு வகை) ஹார்ன்பியில் 20 வோல்ட் ஏசி மாடல்கள் உண்டு. அந்த ஏசியை டப்ளோவுக்குக் கொடுத்தால் வண்டி ஓடாது, சுருள்தான் கருகும். கூடவே வந்த பழைய டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட்டில் செருகவே செருகாதீர்கள், உள்ளே வயரின் ரப்பர் உறை உதிர்ந்திருக்கும். டப்ளோ மோட்டாரின் ஆர்மேச்சரை (சுழலும் சுருள் பகுதி) அவசியமில்லாமல் உருவ வேண்டாம். காந்த முனைகளை இரும்புத் துண்டால் இணைக்காமல் எடுத்தால் காந்தம் பலமிழக்கும்.

ஊட்டி:
மலை ரயில் மாதிரி ஏற்றத்தில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் நிஜ ரயிலே பல்தண்டவாளத்தைக் கவ்வித்தான் ஏறுகிறது. வழுவழுப்பான பொம்மைச் சக்கரம் வழுக்கும். சமதளத்தில், ஓ கேஜ் சாவி ரயிலுக்குத் தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்துவிட்டு, பாதி முறுக்கில் ஓட்டிப் பாருங்கள்.

ஓட்டி முடித்ததும் முறுக்கை இறக்கி வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், ஈரம் உறிஞ்சும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்டு, அவற்றின் நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை நிறத்தைப் பாருங்கள்.