சோறும் கிழங்கும் கொஞ்சம், மீனும் துவரனும் நிறைய: எல்லையோர வீடுகளின் அனுபவம்

குழித்துறைக்காரி எழுதியது:

மாவுச்சத்தையும் சர்க்கரையையும் குறைக்கணும்னு டாக்டர் சொன்னதும் நம்ம ஆட்கள் முதல்ல போனைத்தான் எடுக்கிறாங்க. அதில் வர்றது வெண்ணெய் போட்ட காப்பி, பாதாம் மாவு ரொட்டி, பட்டர் புரூட் சாலட். பாதாம் மாவு விலையைக் கேட்டுட்டு, “இது நமக்குச் சரிப்படாது மக்கா”ன்னு அடுத்த வாரமே பழையபடி ஆயிடுறாங்க. அதைப் பார்க்கத்தான் எனக்கு வருத்தமா இருக்கு. குமரி மாவட்டத்தில் எங்க மார்த்தாண்டம் சந்தையில் கிடைக்கிற சாளை (மத்தி மீன்), பயத்தங்காய், வாழைக்கூம்பு (வாழைப்பூ), தேங்காயை வச்சே இதைச் செய்யலாம். எங்க வீட்டில் செஞ்சுக்கிட்டிருக்கோம், அதான் எழுதுறேன். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிறவங்களும் மத்த எல்லையோர ஊர்க்காரங்களும் உங்க வீட்டுக் கதையைச் சொல்லுங்க.

என் வீட்டுக்காரருக்கு ஏ1சி 6.9 வந்தது. மூணு மாசச் சராசரி சர்க்கரையைக் காட்டுற பரிசோதனை அது. 5.7-க்குக் கீழே இருந்தா பயமில்லை, 6.5-ல் இருந்து சர்க்கரை நோய்னு கணக்கு. மெட்பார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு உணவு ஆலோசகர்கிட்ட அனுப்பினாங்க. அந்த அம்மா ஒரு தட்டை வரைஞ்சு, பாதி காய், கால்வாசி மீனோ பயறோ, கால்வாசி சோறுன்னு காட்டினாங்க. எங்க தட்டில் முக்கால்வாசி சம்பாச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), மேலே மீன் குழம்பு. எல்லாம் நல்ல பொருள்தான், அளவுதான் தலைகீழா இருந்தது.

சோறு அள்ள அத்தை காலத்துச் சிரட்டை அகப்பை ஒண்ணு வச்சிருக்கோம். முன்னே அதில் நாலு அகப்பை குவிச்சு விழும். இப்ப விளிம்போடு வழிச்சு ஒன்றரை. அந்த இடத்துக்கு ரெண்டு அயிலை மீன், கிண்ணம் நிறையத் துவரன், ஒரு கரண்டி அவியல். அவியலில் சேனையையும் ஏத்தங்காயையும் (நேந்திரங்காய்) குறைச்சு, தடியங்காய் (வெண்பூசணி), வெள்ளரி, புடலங்காய், முருங்கைக்காயைக் கூட்டிட்டேன். “சோத்தைக் குறைச்சா ஆம்பிளைக்கு வயிறு நிறையுமா பிள்ளே?”ன்னு அத்தை கேட்டாங்க. நிறைஞ்சுது, ஏன்னா மீனும் காயும் கூடியிருந்தது. சோத்தை மட்டும் வெட்டிட்டு வேறெதையும் கூட்டாதவங்கதான் நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்கிறாங்க.

சம்பா அரிசி சுகருக்கு நல்லதுன்னு அதிகமாப் போட்டுக்கிறவங்க நம்ம பக்கம் நிறைய. தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கிறதால நார்ச்சத்து கூடுதல், அது உண்மை. ஆனா 100 கிராம் அரிசியில் முக்கால்வாசிக்கு மேல மாவுச்சத்துதான், சம்பாவுக்கும் வெள்ளைக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி. இதைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா குமரி மாவட்டத்தில் கிழங்கை விடச் சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க. நம்ம ஊரு முதல்ல திருவிதாங்கூரோடும், அப்புறம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. 1880-85-ல் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். ரெண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராம நின்னப்ப, இந்தக் கிழங்குதான் எத்தனையோ வீட்டு அடுப்பை எரிய வச்சது. அதனால் கிழங்கு மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா பச்சைக் கிழங்கு 100 கிராமில் 38 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கு, புரதம் பேருக்குத்தான். அன்னைக்கு வயல் வேலைக்குப் போனவங்களுக்கு அது சரி. நாம கிழங்கு அவிச்சதையும் தின்னுட்டு, மத்தியானம் சோறும் போட்டுக்கிறோம். கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறதுதான் பிரச்சனையே. எங்க வீட்டில் இப்ப கிழங்கு வச்ச நேரம் சோறு கிடையாது. நாலஞ்சு துண்டு கிழங்கு, சட்டி நிறைய மீன் குழம்பு, கூட ஒரு கீரை. அவிச்ச தண்ணியை எப்பவும்போல வடிச்சுக் கொட்டிடணும், அதில் நஞ்சு இறங்கியிருக்கும்.

காலையில் புட்டு. குழலில் மாவைப் பாதியாக்கி, தேங்காய்ப்பூவோடு துருவின கேரட்டும் முருங்கையிலையும் அடுக்கடுக்காப் போடுறேன். முதல்ல கடலைக் கறியை ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டு அப்புறம்தான் புட்டு. காயும் புரதமும் முதல்ல உள்ளே போயிட்டா பின்னால வர்ற மாவுச்சத்து அவ்வளவு வேகமா ரத்தத்தில் ஏறாது. வீட்டுச் சுகர் மெஷினில் குத்திப் பார்த்தே இதை நம்பினோம். ஏத்தம்பழமும் சீனியும் புட்டோடு பிசைஞ்சு சாப்பிடுறதை மட்டும் சுத்தமா நிறுத்தியாச்சு. மாவு, பழம், சீனி மூணும் ஒரே உருண்டையில் போனா எந்த மாத்திரையும் தாங்காது.

தேங்காய் பத்திக் கேட்பீங்க. அதில் இருக்கிற மாவுச்சத்தில் பாதிக்கு மேல நார்தான், அதனால் சுகரை அவ்வளவு ஏத்தாது. கொழுப்பும் கலோரியும் அதிகம், அதனால் துவரனுக்குத் தூவுற அளவோடு நிறுத்திக்கணும்.

கருப்பட்டியைச் சொல்ல மனசு வலிக்குது. பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவ நான். சீனியில் இல்லாத மணமும் தாதுவும் கருப்பட்டியில் உண்டு, ஆனா அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான். “கருப்பட்டிக் காப்பிதானே”ன்னு நாளைக்கு நாலு தரம் குடிக்கிற சர்க்கரைக்காரங்க தயவுசெஞ்சு யோசிங்க. சுக்கு, மல்லி, நல்லமிளகு தட்டிப்போட்டு இனிப்பில்லாமக் கொதிக்க வச்சுக் குடிங்க, நாக்கு பழகிடும்.

பாறசாலைக்காரன் எழுதியது:

அக்கா சொன்ன காப்பி போலத்தான் எனக்குச் சாயா (டீ), அதிலிருந்தே தொடங்குகிறேன். பாறசாலையில் ரயில் ஏறி தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஒரு சாயாவுக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து சாயா. ஒரு கரண்டி 4 கிராம் என்றாலும் 40 கிராம் ஆகிவிடுகிறது. நாள் முழுவதுக்கும் சேர்த்து 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. நான் ஒரேயடியாக நிறுத்தவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து, இப்போது பாலும் இனிப்பும் இல்லாத கட்டன் சாயாதான்.

மத்தியான ஊணுக்கு ஓட்டலில் உட்கார்ந்ததுமே, “சேட்டா, சோறு கொறச்சு மதி, தோரன் கூடுதல் வேணும்” (சோறு கொஞ்சம் போதும், துவரன் கூடுதலாக வேண்டும்) என்று சொல்லிவிடுவேன். சோற்றைக் கொட்டிய பிறகு சொன்னால் பயனில்லை. முன்னால் வைத்ததை வீணாக்க மனம் வராமல் தின்றுவிடுவோம். மீன் வறுத்தது ஒன்று தனியாக. குளிர்பானத்துக்குப் பதில் சம்பாரம் (மோர்). ஒரு 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சாயங்காலம் கடையில் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) வாசம் இழுக்கும், அவித்த முட்டை இரண்டு வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். நாலில் ஒருவர். எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே, நோய் வரும் வாய்ப்புள்ள 1,007 பேரைச் சேர்த்து, அக்கம்பக்கத்தினர் குழுவாகக் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் முறையை இரண்டு ஆண்டு சோதித்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. நோய் வருவது திட்டவட்டமாகக் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. ஆனால் குழுவில் இருந்தவர்கள் காயும் பழமும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், குடி குறைந்தது. அதனால்தான் நாம் இப்படிக் கூடிப் பேசுவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

புளியரை மருமகள் எழுதியது:

எல்லாரும் நல்லதையே சொல்றீங்க. நான் ஒரு பயந்த கதையைச் சொல்லணும். இதைப் படிக்காம யாரும் நாளைக்கே சோத்தை நிறுத்திடாதீங்க.

எங்க அத்தைக்குப் பல வருஷமா சர்க்கரை. சர்க்கரையை இறக்குற கிளிமிபிரைடு மாத்திரை காலையில் ஒண்ணு. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அரிசியே தொடாம எடை குறைச்சதைப் பார்த்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம அத்தையும் ஆரம்பிச்சுட்டாங்க. மாத்திரை மட்டும் பழைய அளவு. அன்னைக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிற ஆரியங்காவு கோயிலுக்குக் கிளம்பினோம். காலையில் ரெண்டு முட்டையும் வெள்ளரிக்காயும்தான் சாப்பிட்டிருக்காங்க. மலைப்பாதை வளைவில் பஸ் ஏறும்போது, அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. வெளியே சாரல், உள்ளே குளிருது, அவங்களுக்கு மட்டும் வேர்த்து ஊத்துது. “என்னத்தை?”ன்னு கேட்டா, எங்க மாமா செத்து ஆறு வருஷம் ஆச்சு, “மாமாவுக்குச் சோறு எடுத்து வச்சியா?”ன்னு கேட்கிறாங்க. கையைப் பிடிச்சா நடுங்குது.

பையில் சுகர் மெஷின் இருந்தது. குத்திப் பார்த்தா 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா பிரசாதத்துக்குன்னு வாங்கின சீனியைப் பிரிச்சுக் கொடுத்தாங்க. பாட்டில் தண்ணியில் மூணு தேக்கரண்டி அளவு கரைச்சுக் குடிக்க வச்சோம். கால் மணி நேரம் கழிச்சு 84. அப்பத்தான் என் முகத்தைப் பார்த்து ஒழுங்காப் பேசினாங்க. அதுக்கப்புறம் நாலு பிஸ்கெட்டும் சாப்பிடக் கொடுத்தோம், இல்லேன்னா திரும்ப இறங்கும். நினைவு இருக்கிறவங்களுக்குத்தான் இப்படி வாயில் கொடுக்கணும். மயங்கிட்டா வாயில் எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அந்த நேரத்தில் சாக்லேட் உதவாது, அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும்.

மறுநாள் டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எடுக்கிறவங்க சோத்தைக் குறைக்கிறதுக்கு முன்னாடியே மருந்தளவைப் பேசணும். டாபாகிளிபிளோசின், எம்பாகிளிபிளோசின் மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க மாவுச்சத்தை ஒரேயடியா நிறுத்தினா, சர்க்கரை பெரிசா ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகலாம். வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்கல் வந்தா உடனே போகணும். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க மீன், முட்டை, பருப்பைக் கேட்காமக் கூட்டக் கூடாது.

இப்ப அத்தை மூணு வேளையும் கொஞ்சம் சோறோ இட்லியோ சாப்பிடுறாங்க. காய் நிறைய. சர்க்கரை முன்னைவிட நல்லா இருக்கு. வெளியே போனா முந்தானையில் குளுக்கோஸ் பொட்டலம் முடிஞ்சிருக்கும்.

நகரி நெசவாளர் எழுதியது:

ஆந்திரப் பக்கத்துத் தமிழ் வீடு எங்களுடையது. இங்கே சோத்துக்குப் பதில் கேழ்வரகு சங்கடி, அதாவது களி உருண்டை. கேழ்வரகு என்றால் சுகருக்கு மருந்து மாதிரி நினைக்கிறாங்க. நாரும் கால்சியமும் அரிசியைவிட ரொம்பக் கூடுதல், ஆனா 100 கிராம் மாவில் 65 கிராமுக்கு மேல மாவுச்சத்துதான். தறியில் உட்கார்ந்தே வேலை செய்றவங்களுக்கு ரெண்டு கை கொள்ளாத உருண்டை எதுக்கு? எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு உருண்டை, கூட கோங்கூரா பப்பு (புளிச்சக்கீரைப் பருப்பு) ஒரு கிண்ணம், முருங்கைக் கீரைப் பொரியல். நாட்டுக்கோழிக் குழம்பு வச்ச அன்னைக்கு உருண்டை இன்னும் சின்னது. வெல்லம் போட்ட கேழ்வரகுக் கூழை விட்டுட்டோம்.

சித்தூர் ஜில்லாவில் கோடை வந்தா மாம்பழத்துக்குத் தடை போட முடியாது. ஜூஸ் மட்டும் வேண்டாம். ரெண்டு கீத்து கடிச்சுச் சாப்பிடுங்க, அதுவும் சங்கடி சாப்பிடாத வேளையில். சாப்பிட்டு முடிச்சதும் தெருவில் கால் மணி நேரம் நடந்தா மெஷினில் வித்தியாசம் தெரியும்.

குழித்துறைக்காரி எழுதியது:

புளியரைத் தங்கச்சி, உங்க பதிவை எங்க குடும்பக் குழுவில் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். எங்க சித்தப்பா அதே மாத்திரைதான் எடுக்கிறார். நாளைக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறோம்.

கல்யாண வீட்டில் என்ன செய்றதுன்னு கேட்டவங்களுக்கு: நம்ம பக்கத்து இலையில் பருப்புக்கு ஒரு சோறு, சாம்பாருக்கு ஒரு சோறு, புளிசேரிக்கு ஒரு சோறுன்னு வந்துக்கிட்டே இருக்கும். முதல் சோத்தையே மூணாப் பிரிச்சு வச்சுக்கிட்டா மறுபடி வாங்க வேண்டியதில்லை. துவரன், அவியல், ஓலன் எத்தனை தரம் வேணும்னாலும் கேட்கலாம், பரிமாறுறவங்களுக்குச் சந்தோஷம்தான். பாயசத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு, இலையில் ரெண்டு கரண்டி. போளியை விட்டுடுங்க.

ஏ1சி அடுத்த தடவை எடுத்தப்ப 6.2. மாத்திரை தொடருது. ராத்திரிக் கஞ்சி எப்படி வைக்கிறோம்னும் சொல்லிடுறேன். ரெண்டு பங்கு சிறுபயறு, ஒரு பங்கு அரிசி, உப்பு குறைச்சலா. கஞ்சித் தண்ணியைப் பாதி வடிச்சுட்டு, தொட்டுக்கச் சுட்ட நெத்திலிச் சம்மந்தியும் (துவையல்) முருங்கையிலைத் துவரனும். பப்படம் பொரிக்காம அனலில் சுட்டு ஒண்ணு போதும்.