சுருங்கிக் கிடக்கும் கார்பெட் அனிமோன்: சிப்ரோ போடலாமா, வேண்டாமா?

உவர்நீர்:
என் கடல்நீர்த் தொட்டிக்குப் புதிதாக வந்த ஜைஜான்டியா வகை கார்பெட் அனிமோன் (கம்பளம் போல விரியும் கடற்சாமந்தி). வந்த அன்று நன்றாக விரிந்து, மணலில் கால் ஊன்றிவிட்டது. அடுத்த நாளிலிருந்து தகராறு. பகலில் உள்ளே இருக்கும் தண்ணீரை எல்லாம் கக்கிவிட்டு நனைந்த துணி மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. ராத்திரி பாதி எழும்புகிறது, விடிந்ததும் மறுபடி விழுகிறது. வாய் மூடவே இல்லை, உள்சதை தெரிகிறது. விரல் வைத்தால் முன்பு போல ஒட்டவும் இல்லை. உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம். பவளங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. தனித் தொட்டிக்கு மாற்றி சிப்ரோஃப்ளாக்சசின் (சிப்ரோ என்கிற ஆன்டிபயாடிக், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) போடு என்கிறார் ஒரு நண்பர். தொடவே தொடாதே என்கிறார் இன்னொருவர். உங்கள் கருத்து?

நண்டுக்கால்:
இன்றைக்கே மாற்றுங்கள். நீங்கள் சொல்வது எல்லாமே தொற்றின் அடையாளம். ஜைஜான்டியா, மேக்னிஃபிகா என்ற இரண்டு அனிமோன் வகைகளும் பயணத்தில் அடிபட்டுத்தான் வரும். பையில் அதன் கழிவிலேயே அது மிதந்து வந்திருக்கும், கிருமி பெருக அது போதும்.

வெறும் தொட்டி போதும். மணல், கல், வடிகட்டும் கார்பன் எதுவும் வேண்டாம். ஹீட்டருக்கும் பவர்ஹெட்டுக்கும் (நீரோட்டம் தரும் பம்ப்) வலை கட்டாயம், இல்லாவிட்டால் அனிமோன் உள்ளே இழுபட்டுக் கிழிந்துவிடும். 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டருக்கு 250 மி.கி. சிப்ரோ. தினமும் தண்ணீரை முழுதாக மாற்றி, புதுத் தண்ணீருக்கு மறுபடி அதே அளவு மருந்து. விளக்கை அணைத்த பிறகுதான் போட வேண்டும், வெளிச்சத்தில் சிப்ரோ சிதைந்துவிடும். ஒரு வாரம். கோமாளி மீன் கூட இருந்தால் பிரித்துவிடுங்கள். நோயாளியை அது சும்மா விடாது, முட்டிக்கொண்டே இருக்கும்.

பாசிபடிந்தவன்:
அவசரம் வேண்டாம் சார். அனிமோன் சுருங்குவது தினசரி வேலை. அதற்கு உள்ளே வாங்கவும் வெளியே தள்ளவும் ஒரே வாய்தான், கழிவை வெளியே தள்ள வேண்டுமானால் தண்ணீரோடுதான் தள்ள வேண்டும். புது இடம், புது வெளிச்சம், புது ஓட்டம், எதற்கு வேண்டுமானாலும் சில நாள் இப்படி ஆடும்.

மாற்றுவதிலேயே ஆபத்து இருக்கிறது. ஊன்றிய காலைப் பிடுங்கும்போது கிழிந்தால் அந்தக் கிழிசல் வழியாகத்தான் உண்மையான தொற்று வரும். ஆரோக்கியமான ஒன்றை நோயாளி ஆக்கிவிட்டு, பிறகு மருந்தால் காப்பாற்றினேன் என்று படம் போடுகிற கூத்தை நிறையப் பார்த்தாயிற்று.

நண்டுக்கால்:
கழிவு தள்ளச் சுருங்குகிற அனிமோன் சில மணி நேரத்தில் பழையபடி உப்பிவிடும், வாயும் மூடிவிடும். இவர் சொல்வது என்ன? பகலில் விழுகிறது, வாய் திறந்தே இருக்கிறது, ஒட்டுவதும் குறைந்துவிட்டது. மூன்றும் சேர்ந்து வந்தால் காத்திருக்க நேரம் இல்லை. கார்பெட் இறந்தால் மெதுவாக இறப்பதில்லை, கரைந்துவிடும். பெரிய தொட்டியில் அப்படிக் கரைந்தால் மற்ற உயிர்களுக்கும் சேர்த்து ஆபத்து. தனித் தொட்டி அதற்காகவே வேண்டும், மருந்து போடுகிறீர்களோ இல்லையோ.

பாசிபடிந்தவன்:
கடைசி வாக்கியத்தை ஒப்புக்கொள்கிறேன். தனித் தொட்டிக்கு நான் எதிரி இல்லை. அதற்குள் எதைக் கொட்டுகிறோம் என்பதில்தான் சண்டை.

மாத்திரைப்பெட்டி:
மருந்தியல் படித்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. சிப்ரோ சாப்பிடும்போது பாலோ கால்சியம் மாத்திரையோ கூடவே எடுக்காதீர்கள் என்று சொல்வார்கள் இல்லையா? கால்சியம், மக்னீசியம் அயனிகள் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட மருந்து பாக்டீரியாவுக்குள் சுலபமாக நுழையாது.

இப்போது கடல் நீருக்கு வாருங்கள். லிட்டருக்குச் சுமார் 1,300 மி.கி. மக்னீசியம், 400 மி.கி. கால்சியம். நண்டுக்கால் சொன்ன அளவில் சிப்ரோ லிட்டருக்கு 6.6 மி.கி.தான். எடையை விடுங்கள், மூலக்கூறு எண்ணிக்கையில் கணக்குப் போட்டால் ஒரு சிப்ரோவுக்கு 2,500-க்கு மேல் மக்னீசியம் சுற்றி நிற்கிறது. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் சாதாரண ஊடகத்தில் அதைக் கொல்லும் அளவு கடல் நீரில் அதே வேலையைச் செய்யாது. அப்படியிருக்க, அந்த 250 மி.கி. எங்கிருந்து வந்தது? யாராவது அளந்தார்களா, இல்லை மாத்திரை அந்த அளவில் கிடைக்கிறது என்பதாலா?

நண்டுக்கால்:
மாத்திரை அளவு என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மக்னீசியம் எல்லா மருந்தையும் நிரந்தரமாகப் பூட்டிவிடுவதில்லை. பிடிப்பதும் விடுவதுமாகத்தான் இருக்கும், ஒரு பங்கு எப்போதும் தனியாக இருக்கும். மனித உடலில் சிகிச்சையின்போது இரத்தத்தில் இருக்கும் அளவை விட நாம் போடுவது அதிகம். தினமும் புதிதாகவும் போடுகிறோம். குறைந்த வீரியத்திலும் போதுமான வேலை நடக்கலாம்.

மாத்திரைப்பெட்டி:
"நடக்கலாம்" என்பது சரி. "நடக்கிறது" என்று சொல்லும்போதுதான் எனக்கு இடிக்கிறது. மக்னீசியம் பிடிக்காத மருந்து வேண்டுமென்றால் ஆம்பிசிலின் இருக்கிறதே, ஏன் யாரும் அதை முதலில் சொல்வதில்லை?

நண்டுக்கால்:
கடல் உயிர்களில் நாம் பயப்படுவது விப்ரியோ வகை பாக்டீரியாவைத்தான். அதில் பலவற்றுக்கு ஆம்பிசிலின் வேலை செய்யாது, இயல்பாகவே எதிர்ப்பு உண்டு. அதனால்தான் சிப்ரோ. சிலர் சல்ஃபாமெதாக்சசோலும் டிரைமெதோப்ரிமும் சேர்ந்த மாத்திரை போடுகிறார்கள்.

ஆழி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், கடல் உயிரியல் மாணவி. பவளங்களில் ஆன்டிபயாடிக் பயன்படுத்துவது வெறும் பொழுதுபோக்காளர் பழக்கம் இல்லை. மான்கொம்புப் பவளத்தின் வெள்ளைப் பட்டை நோயில், ஆம்பிசிலின் போட்ட துண்டுகளில் நோய் நின்றது என்று 2014-இல் ஆய்வு வந்திருக்கிறது. அதே ஆண்டு ஃப்ளோரிடாவில் தொடங்கிய கல்பவளத் திசு இழப்பு நோய்க்கு இன்றும் அமாக்சிசிலின் கலந்த பசையைப் புண்ணின் விளிம்பில் பூசுகிறார்கள். பூசிய புண் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் அதே பவளத்தில் வேறு இடத்தில் புதுப் புண் வருவதை அது தடுப்பதில்லை.

இரண்டு பக்கத்துக்கும் இதில் விஷயம் இருக்கிறது. மருந்து வேலை செய்யும் என்பதற்கு இது சான்று. கூடவே, அங்கே மருந்தைத் தண்ணீரில் கரைக்கவில்லை, சதை மேலேயே நிற்க வைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்று. அனிமோனின் மேல் இருக்கும் சளியில் அதற்கு வேண்டிய பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. ஆய்வகங்களில் சின்ன அனிமோன்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து அவற்றைக் குறைத்துப் பார்க்கிறார்கள். உடனே சாவதில்லை. ஆனால் ஆய்வகத்து அனிமோன் கிருமி குறைந்த சுத்தமான நீரில் வாழ்கிறது. நம் தொட்டிக்குத் திரும்பும் அனிமோன் அப்படி இல்லை.

பாசிபடிந்தவன்:
இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன், இவ்வளவு அழகாக வரவில்லை. நண்டுக்காலிடம் ஒரே கேள்வி. உங்கள் முறையில் தினமும் முழுத் தண்ணீரும் மாறுகிறது, மீன் தொல்லை இல்லை, வெளிச்சம் குறைவு, கழிவு தேங்குவதில்லை. குணமானது இதனாலா, மருந்தாலா? மருந்தே இல்லாமல் இதே உபசாரம் செய்து பார்த்தவர் யார்?

1828-இல் ஜான் டாலியெல் என்ற ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் கடற்கரையிலிருந்து எடுத்துவந்த ஒரு அனிமோன் 1887 வரை கண்ணாடி ஜாடியில் இருந்தது. மருந்தா கொடுத்தார்கள்? புதுக் கடல் நீர், அவ்வளவுதான்.

நண்டுக்கால்:
அந்தக் கதையைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். அது ஆக்டினியா, கடலோரப் பாறையில் ஓதம் வற்றும்போது வெயிலிலும் மழையிலும் காய்ந்து நனையும் உயிர். உடலுக்குள் பாசிக் கூட்டாளிகளும் கிடையாது, வெளிச்சம் பற்றிக் கவலை இல்லை. அதை ஜைஜான்டியாவோடு ஒப்பிடக் கூடாது.

மருந்து போடாமல் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு அனிமோன். அதில் பாதியை மருந்திலும் பாதியை வெறும் நீரிலும் வைக்க முடியாது. சாகக் கிடப்பதை வைத்து ஆராய்ச்சி செய்ய எனக்கு மனசு வராது.

பாசிபடிந்தவன்:
உங்களுக்கு மனசு வராதது சரி. ஆனால் ஒரே இறக்குமதியில் வந்த பல அனிமோன்களை வைத்திருக்கும் பெரிய கடைக்காரர் செய்யலாமே. பாதியை மருந்திலும் பாதியை வெறும் தண்ணீரிலும் வைத்தால் போதும். அது நடக்கும் வரைக்கும் "வந்த எல்லா கார்பெட்டுக்கும் முன்னெச்சரிக்கையாக சிப்ரோ" என்று சொல்வதையாவது நிறுத்துங்கள். நோய் தெரிந்தால் மருந்து என்பது வேறு பேச்சு.

மாத்திரைப்பெட்டி:
முன்னெச்சரிக்கை மருந்துக்கு நானும் எதிரி, காரணம் வேறு. தினமும் அந்தத் தொட்டிக்குள் கை விடப்போவது நீங்கள். விப்ரியோ வல்னிஃபிகஸ் காயம் பட்ட கையில் ஏறினால் மருத்துவர்கள் எடுக்கும் மருந்துகளில் சிப்ரோ குடும்பமும் ஒன்று. அரைகுறை வீரியத்தில் அதே மருந்தைப் போட்டு, பிழைத்த கிருமிகளை வளர்த்து, அதில் கை நனைப்பது புத்திசாலித்தனமா? கையுறை போடுங்கள். வெட்டுக்காயம் இருந்தால் அன்று வேறு யாராவது செய்யட்டும்.

மாற்றிய தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்றாதீர்கள். ப்ளீச் கலந்து வைத்தால் குளோரின் சிப்ரோவைச் சிதைத்துவிடும், கிருமியும் சாகும். ப்ளீச் வாளியும் குழாயும் மட்டும் அனிமோன் பக்கமே வரக்கூடாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் சிப்ரோ வாங்க வழி கேட்டு யாரும் எனக்குத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

நண்டுக்கால்:
ப்ளீச் விஷயத்தில் முழு உடன்பாடு. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

உவர்நீர்:
எல்லாருக்கும் நன்றி, ரெண்டு தடவை படித்தேன். இன்று காலை அது தானாகவே ஊன்றிய பிடியை விட்டுவிட்டு மணலில் உருண்டு கிடந்தது. அதனால் பிடுங்க வேண்டிய அவசியம் வரவில்லை, பாத்திரத்தில் ஏந்தித் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். புரட்டிப் பார்த்தபோது காலின் ஓரத்தில் ஒரு கிழிசல், சுற்றிலும் சதை வெளுத்துக் குழைந்திருக்கிறது. வாயிலிருந்து பழுப்பு நிறத்தில் நூல் நூலாக வருகிறது. இதற்கு மேல் என்ன?

ஆழி:
பழுப்பு நூலைப் பார்த்து பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது சளியோடு வெளியே வரும் சூசாந்தெல்லே, அதாவது அதன் உடலுக்குள் கூட்டாளியாக வாழும் பாசி. உடல் நெருக்கடியில் இருக்கிறது என்பதற்கு அடையாளம், தொற்றுக்கு மட்டுமே உரிய அடையாளம் இல்லை. கிழிசலும் குழைந்த சதையும்தான் கவலை. வெளிச்சத்தை முழுதாக நிறுத்திவிடாதீர்கள். மிச்சம் இருக்கும் பாசிக்கு அது வேண்டும். பகலில் குறைவான வெளிச்சம், இரவில் மருந்து.

பாசிபடிந்தவன்:
குழைந்த சதை என்றால் என் வாதம் இந்த அனிமோனுக்குப் பொருந்தாது. காயம் கண்ணுக்குத் தெரிகிறது, மருந்து போடுங்கள். உணவு மட்டும் கொடுக்காதீர்கள். செரிக்காமல் உள்ளே அழுகினால் நீங்களே கிருமிக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

நண்டுக்கால்:
புதுத் தண்ணீரைத் தொட்டியின் அதே வெப்பத்துக்கும் உப்புக்கும் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள், அது முக்கியம். முதல் சில நாள் முன்னேற்றம் தெரியாது. இடையில் நன்றாக விரிந்துவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள், ஒரு வாரம் முழுதாகப் போடுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
ஏன் ஒரு வாரம்? ஐந்து நாள் ஏன் கூடாது, பத்து நாள் ஏன் கூடாது?

நண்டுக்கால்:
மனிதர்களுக்கு எழுதிக் கொடுக்கும் கணக்கை அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உங்களிடம் இதைவிட நல்ல கணக்கு இருந்தால் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
இல்லை. அதனால்தான் கேட்டேன். உவர்நீர், தினமும் ஒரே நேரத்தில் ஒரே கோணத்தில் காலையும் வாயையும் படம் எடுத்து வையுங்கள். கிழிசல் எந்த நாளில் மூட ஆரம்பிக்கிறது என்றாவது தெரியட்டும்.

உவர்நீர்:
எடுக்கிறேன். விளக்கை அணைத்தாயிற்று, முதல் மாத்திரை கரைகிறது.