அரை லிட்டர் பால்

மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். விடிவதற்குள் கேன்களை இறக்கி, லாக்டோமீட்டர் விட்டு, கொழுப்பு பார்த்து எழுத வேண்டும். கலைக் கண்காட்சி என்று நான் போனது ஒரே ஒரு தடவைதான். 2017 பிப்ரவரியில், எர்ணாகுளத்தில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகள் கூப்பிட்டாள் என்று கொச்சி பினாலேவுக்குப் போனேன்.

படகில் ஃபோர்ட் கொச்சி போய் இறங்கி, ஆஸ்பின்வால் ஹவுஸுக்கு நடந்தோம். சுவரில் படங்கள் மாட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பெரிய கிடங்கின் வாசலில் அவள் நின்று, "மாமா, செருப்பைக் கழட்டிட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கோங்க" என்றாள். உள்ளே முழங்கால் வரை தண்ணீர். அதில் நடந்துதான் போக வேண்டும். இரண்டு பக்கச் சுவரிலும் ஆங்கிலத்தில் கேள்விகள்: கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்கிற மாதிரி. அவள் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். தண்ணீரில் வேகமாக நடக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கேள்வியையும் நின்றுதான் கடக்க வேண்டியிருந்தது.

செய்தவர் ரவுல் சூரிதா, சிலி நாட்டுக் கவிஞர். 2015இல் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியாக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் வந்து மூழ்கிய அவன் அண்ணன் காலிப்புக்கு அப்படி ஒரு படமில்லை. அந்த அண்ணனுக்காகத்தான் இந்தத் தண்ணீர். சூரிதாவுக்கும் கடல் வெறும் கற்பனை இல்லை. 1973 செப்டம்பர் 11, சிலியில் ஜெனரல் பினோசெட்டின் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று, என்ஜினியரிங் மாணவராக இருந்த அவரைப் பிடித்து ஒரு கப்பலின் அடித்தட்டில் அடைத்து வைத்தார்கள்.

ஊருக்கு வந்து எங்கள் மாஷிடம் இதைச் சொன்னேன். ரிட்டயர்டு வாத்தியார், தினமும் பால் வாங்க வருவார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம ராஜனும் என்ஜினியரிங்தானப்பா" என்றார். 1976 மார்ச்சில், எமர்ஜென்சியின்போது, கோழிக்கோடு காலேஜிலிருந்து போலீஸ் கொண்டுபோன பையன். உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்பா ஈச்சர வாரியர் கடைசிவரை மகனுக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார். பால் தூக்கை வாங்காமலே மாஷ் இதையெல்லாம் சொன்னார்.

அப்புறம் அக்கா மகள் இன்னொரு விஷயம் எடுத்துக் கொடுத்தாள். அதைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1979இல் சூரிதாவும், எழுத்தாளர் தியமேலா எல்டிட், கலைஞர் லோட்டி ரோசன்ஃபெல்ட் முதலானவர்களும் சேர்ந்து காடா என்று ஒரு குழு வைத்தார்கள். சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் லா கிரான்ஹா என்கிற ஏழைகள் பகுதிக்குப் போய் நூறு பை பால் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் அரை லிட்டர். அவ்வளவுதான் அந்தக் கலை. ஆனால் ராணுவம் கவிழ்த்த அதிபர் அயெந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாங்கின தாய்மார்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அயெந்தே பெயரைச் சொன்னால் பிடிப்பார்கள், பால் கொடுத்தவனை என்னவென்று பிடிப்பது? பல கூட்டப் பேச்சுகளைவிட இது பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அளவு தெரிந்தவர்களுக்கு அந்த அளவே போதும்.

ரோசன்ஃபெல்ட் சாலை நடுவில் இருக்கிற வெள்ளைக் கோடுகளின் மேல் குறுக்கே துணிப் பட்டை ஒட்டி, வரிசையாகச் சிலுவைகளாக்கினார். 1983இல் காடா குழுவினர் ஊர்ச் சுவர்களில் "இனி வேண்டாம்" என்று அர்த்தம் வரும்படி எழுதி மீதியைக் காலியாக விட்டார்கள். பசி, சித்திரவதை என்று ஜனங்களே நிரப்பினார்கள்.

பால் கொடுத்தபோது சில பைகளைக் கொடுக்காமல் வைத்து, காற்றுப் புகாத ஒரு அக்ரிலிக் பெட்டியில் அடைத்து கேலரியில் வைத்தார்களாம். ஜனங்களுக்குச் சாப்பாடு கிடைக்கும் வரை இது இங்கேயே இருக்கும் என்று ஒரு அறிவிப்பு. இதைப் படிக்கிறவர்களில் பால் வேலை தெரிந்தவர்கள் இருந்தால் புரியும். குளிர்பதனம் இல்லாத பால் மதியத்துக்குள் திரிந்துவிடும். மறுநாள் பை உப்பும். அதற்கப்புறம் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.