சின்னக் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஒஹாயோவில் இருக்கிறோம். மகளுக்கு ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் பாடங்களைக் கலந்து கற்பிக்கும் சின்ன இளங்கலைக் கல்லூரி) பயோகெமிஸ்ட்ரி படிக்க இடம் கிடைத்திருக்கிறது, மாநிலப் பல்கலைக்கழகத்திலும்தான். மே 1-க்குள் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்.

கல்லூரியைப் போய்ப் பார்த்தோம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி புரத ஜெல் ஓட்டிக்கொண்டிருந்தாள், அதாவது ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேராசிரியரே நின்று நீலப் பட்டைகளைக் காட்டி விளக்கினார். முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாததால் கருவிகளெல்லாம் இளங்கலைப் பிள்ளைகள் கைக்கே வருகின்றனவாம். மகள் அங்கேயே மனதைப் பறிகொடுத்துவிட்டாள். வேதியியல் நோபல் வாங்கிய தாமஸ் செக் க்ரின்னல் கல்லூரியில் படித்தவர், கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறைக்காக நோபல் வாங்கிய ஜெனிஃபர் டவுட்னா பொமோனா கல்லூரியில் படித்தவர், இரண்டுமே இப்படிச் சின்னக் கல்லூரிகள்தான் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். (ஊரிலிருந்து என் அம்மா போனில், "கெமிஸ்ட்ரி படிக்கிறவளுக்குத் தத்துவ வகுப்பு எதுக்குடி?" என்கிறார்.)

சரி, நோபல் இருக்கட்டும். என் கவலை வேறு. அவள் எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கிறாள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை இளங்கலை மாணவர்களுக்கு நடத்தும் ஆர்இயூ கோடைக்கால ஆராய்ச்சிக்கு உதவித்தொகை பெற அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். இதே நிலையில் இருந்த உங்கள் பிள்ளைகள் கோடையில் என்ன செய்தார்கள்? எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறிக் கல்லூரி ஆய்வகத்திலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் உண்டா? அப்புறம், பிஎச்டிக்கு விண்ணப்பித்தபோது சின்னக் கல்லூரி என்பது குறையாகப் பட்டதா?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் தந்தால் பெரிய உதவி.